பதின்மூன்று வாரத்தின் கணக்கு: 2018 ஜனவரி அனிமே பருவம்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் புதிய அனிமே தொடர்கள் ஆண்டுக்கு நான்கு தவணையாக வருகின்றன. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் ஏறக்குறைய ஐம்பது தொடர்கள் ஒன்றாகக் களமிறங்கும். மூன்று எபிசோடுகள் முடிந்ததும் மதிப்புரைகள் குவியத் தொடங்கும். எதைத் தொடர்ந்து பார்க்கலாம், எதைக் கைவிடலாம் என்று அப்போதே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். மூன்று எபிசோடு பார்த்துவிட்டு முடிவெடுப்பது ரசிகர்களின் பழைய பழக்கம்தான். 2011 ஜனவரியில் வந்த ‘மடோகா மாஜிகா’ அந்தப் பழக்கத்தை விதியாகவே இறுக்கியது. சிறுமிகளுக்கான மந்திரக் கதைபோலத் தொடங்கிய அத்தொடரின் மூன்றாம் எபிசோடில் முக்கியப் பாத்திரம் ஒன்று எதிர்பாராமல் கொல்லப்பட, கதை முற்றிலும் வேறொன்றாக மாறியது. அதன்பின் எல்லாத் தொடரும் மூன்றாம் வாரத்தில் தன்னை நிரூபித்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

இந்த விதி அனிமே விமர்சனத்துக்குப் பெருங்கேடு செய்திருக்கிறது என்பது என் எண்ணம். மூன்றாம் வாரத்தில் எழுதும்போது ஒரு தொடரின் தொடக்கத்தை மட்டுமே மதிப்பிட முடியும். தொடக்கமோ, எந்தத் தொடரிலும் உழைப்பும் அவகாசமும் மிக அதிகமாகக் கிடைக்கிற பகுதி. தனக்குத் தரப்பட்ட பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வாரத்தை ஒரு தொடர் எப்படிச் செலவழித்தது என்பதுதான் விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி. பருவம் முடியாமல் அதற்கு விடை கிடைக்காது. 2018 ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும். அனிமே தயாரிப்பின் வெவ்வேறு முறைகள் அந்த மூன்று மாதத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நின்றன. வெற்றிகளும் தோல்விகளும் அந்த முறைகளிலிருந்தே பிறந்தன.

காலாண்டு என்ற அளவைத் தந்தது ஒளிபரப்பு வணிகம். ஜப்பானிய ஒளிபரப்புத் துறையில் மூன்று மாத நிகழ்ச்சித் தொகுதியைக் ‘கூர்’ என்பார்கள். வாரம் ஒரு எபிசோடு வீதம் ஒரு கூருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. அரைமணி நேர இடத்தில் விளம்பரங்களும், தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் தலா ஒன்றரை நிமிடமும் போனால் கதைக்கு மிஞ்சுவது சுமார் இருபத்தொரு நிமிடம். ஆக, ஒரு கூரில் ஒரு கதைசொல்லிக்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கரை மணி நேரம். திரைப்படத்தைவிட நீளம், நாவலின் விரிவுக்கு இடமில்லை. இந்த அளவுக்குள் கதையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது எளிய சிக்கல் அல்ல.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் தயாரித்த ‘டெட்சுவான் ஆட்டம்’ என்ற தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆஸ்ட்ரோ பாய் என்று உலகம் அறிந்த அந்தத் தொடர் நான்கு ஆண்டுகள், 193 எபிசோடுகள் ஓடியது. தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்குத் தெசுகா அதைத் தொலைக்காட்சிக்குத் தந்தார். மிட்டாய், பொம்மை போன்ற வணிகப் பொருள்களின் உரிமத்தொகை அந்த இழப்பை ஈடுகட்டியது. வாரந்தோறும் அரைமணி நேரம் என்ற ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க, படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வரைந்தவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உத்திகள் அங்கே வளர்ந்தன. முஷி புரொடக்‌ஷன் 1973-இல் திவாலானது. அது விட்டுச்சென்ற குறைந்த கூலியும் ஓயாத அவசரமும் துறையை விட்டுப் போகவில்லை.

கூர் என்ற சிறிய அளவு கோலோச்சத் தொடங்கியது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். 1995 அக்டோபரில் தொடங்கிய ‘எவாஞ்சலியன்’ மாலை நேரத் தொடர். பிறகு அதன் நள்ளிரவு மறுஒளிபரப்பு பெற்ற வரவேற்பு, தூங்காமல் விழித்திருந்து அனிமே பார்க்க இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு என்று காட்டியது. அந்தக் கூட்டத்தை நம்பிப் பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி, பொம்மை நிறுவனம் எனப் பலர் சேர்ந்து ‘தயாரிப்புக் குழு’ ஒன்றை அமைப்பார்கள். அந்தக் குழுவே நள்ளிரவு நேரத்தைக் காசு கொடுத்து வாங்கித் தொடரை ஒளிபரப்பும். குறுந்தகடு, மங்கா, பாடல் இவற்றின் விற்பனையில் போட்ட பணத்தை எடுப்பார்கள். நட்டம் பலருக்குப் பங்கிடப்படுவதால் துணிந்து முதலீடு செய்ய முடிந்தது. ஆனால் படத்தை வரைந்து உருவாக்கும் ஸ்டுடியோவுக்குப் பெரும்பாலும் அந்தக் குழுவில் பங்கில்லை. ஒப்பந்தத் தொகையோடு அதன் கணக்கு முடிந்துவிடும். ஜப்பானிய அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இடைப்படங்கள் வரையும் கலைஞரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். பெருநகரத்தில் வாடகை கொடுத்துப் பிழைக்கப் போதாத தொகை அது. அடுத்த சில ஆண்டுகளில் அனிமே சந்தையின் மொத்த மதிப்பு 2 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் எந்தப் பருவத்தையும் மதிப்பிடக் கூடாது.

இனி 2018-க்கு வருவோம்.

அந்தப் பருவத்தின் ஆகச் சிறந்த படைப்பு ‘சோரா யோரி மோ டோய் பாஷோ’. விண்வெளியையும் விடத் தொலைவான இடம் என்பது தலைப்பின் பொருள். அந்த இடம் அண்டார்டிகா. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரித்தது. இயக்கம் அட்சுகோ இஷிசுகா, தொடரின் எழுத்து ஜுக்கி ஹனாடா. மங்காவையோ நாவலையோ தழுவாத சொந்தக் கதை. விற்பனையில் உள்ள நூலுக்கு விளம்பரமாக இருக்க வேண்டிய கடமை அதற்கில்லை. எனவே பதின்மூன்று வாரத்தையும் தன் விருப்பப்படி பகுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு இருந்தது.

குன்மா மாகாணத்தின் டட்டேபயாஷி ஊரைச் சேர்ந்த ஷிராசே என்ற பள்ளி மாணவியின் தாய், மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் காணாமல் போனவர். தாய் போன இடத்துக்குத் தானும் போவேன் என்று பகுதிநேர வேலைகள் பார்த்துப் பத்து லட்சம் யென் சேர்த்து வைத்திருக்கிறாள் அந்தப் பெண். ஊரும் பள்ளியும் அவளைப் பார்த்துச் சிரிக்கின்றன. அவளோடு மூவர் சேர்கிறார்கள். வாழ்க்கையில் எதையும் தொடங்காமலே காலம் போய்விடுமோ என்று அஞ்சும் கிமாரி, பள்ளியை விட்டு விலகிய ஹினாட்டா, நட்பு என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த இளம் நடிகை யூசுகி. நால்வரும் ஆஸ்திரேலியாவின் ஃப்ரிமேண்டில் துறைமுகத்தில் கப்பலேறித் தென்முனைக் கண்டத்துக்குப் போகிறார்கள்.

கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். புறப்படும் நாள் வருவதே ஐந்தாம் எபிசோடில்தான். மூன்றாம் வாரத்தில் மதிப்புரை எழுதியவர்கள் பார்த்ததெல்லாம், நான்கு பெண்கள் ஒன்றுசேர்ந்து திட்டம் போடும் கலகலப்பான தொடர் ஒன்றை. ஐந்தாம் எபிசோடில் கிமாரியின் பால்ய தோழி மெகுமி விடியற்காலையில் வாசலில் வந்து நிற்கிறாள். நால்வரைப் பற்றியும் அவதூறு பரப்பியது தானே என்கிறாள். தன்னைச் சார்ந்தே இருந்த கிமாரி தன்னை விட்டுப் போவதைத் தாங்க முடியவில்லை என்றும், இத்தோடு நம் நட்பை முறித்துக்கொள்வோம் என்றும் சொல்கிறாள். பொறாமையை இவ்வளவு நேர்மையாகவும் இரக்கத்தோடும் காட்டிய காட்சி அனிமேயில் அரிது. கிமாரி என்ற பெண்ணின் முழு உருவமும் அந்த ஒரு காட்சிக்குப் பிறகே நமக்குப் பிடிபடுகிறது.

அண்டார்டிகா மண்ணில் கால் வைப்பது ஒன்பதாம் எபிசோடில். சராசரியான தொடராக இருந்தால் அதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைத்து, கொடியை நட்டு, கண்ணீரோடு முடித்திருப்பார்கள். ஹனாடாவும் இஷிசுகாவும் இலக்கை முன்கூட்டியே அடைந்துவிடுகிறார்கள். தன்னை எள்ளியவர்களுக்கெல்லாம் ஷிராசே பனிவெளியில் நின்று உரக்கப் பதில் சொல்கிறாள். அந்த வெற்றிக் கூச்சல் முடிந்தபின் இன்னும் நான்கு வாரம் பாக்கி இருக்கிறது. அந்த நான்கு வாரத்துக்காகத்தான் முழுத் தொடரும் கட்டப்பட்டிருக்கிறது. நினைத்த இடத்துக்கு வந்தாகிவிட்டது, தாய் இல்லை, இனி என்ன?

பன்னிரண்டாம் எபிசோடில் உள்நிலப் பயணமொன்றில் தாயின் மடிக்கணினி கிடைக்கிறது. ஷிராசே கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைகிறாள். மின்னஞ்சல் பெட்டி திறந்ததும், இத்தனை ஆண்டும் அவள் தாய்க்கு எழுதிய, யாரும் படிக்காத கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் வந்து விழுகின்றன. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. தாய் இறந்துவிட்டாள் என்பதை அதுவரை செய்தியாக மட்டுமே அறிந்திருந்த பெண், அந்த எண்ணைப் பார்த்தபடி முதல்முறையாக அதை உணர்ந்து அழுகிறாள். வெளியே மற்ற மூவரும் அழுகிறார்கள். காட்சி முழுவதும் கணினித் திரைதான். படம் வரைவதில் எந்த ஆடம்பரமும் இல்லை. பதினொரு வாரக் காத்திருப்பு அதன் பின்னால் நிற்பதால் அந்தக் காட்சிக்கு அவ்வளவு வலு. நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டின் சிறந்த பன்னாட்டுத் தொடர்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது முற்றிலும் தகும்.

‘யூரு கேம்ப்’ கூரின் அளவை நேர் எதிர்த்திசையில் கையாண்டது. அஃப்ரோ வரைந்த மங்காவைத் தழுவி சி-ஸ்டேஷன் என்ற சிறிய ஸ்டுடியோ எடுத்தது. இயக்குநர் யோஷியாகி க்யோகோகு. இலக்கோ பகையோ இல்லாத தொடர். யமனாஷி மாகாணத்தின் மோட்டோசு ஏரிக்கரையில், கூட்டமில்லாத குளிர்காலத்தில், ரின் என்ற பெண் தனியாகக் கூடாரம் அடிக்கிறாள். அந்த ஏரியிலிருந்து தெரியும் ஃபூஜி மலைதான் அன்றைய ஆயிரம் யென் தாளில் அச்சாகியிருந்த காட்சி. அதைப் பார்க்க சைக்கிளில் வந்து, தூங்கிப்போய், இருட்டில் திரும்பத் தெரியாமல் நிற்கும் நதேஷிகோவுக்கு ரின் கோப்பை நூடுல்ஸ் தருகிறாள். முதல் எபிசோடில் நடப்பது அவ்வளவுதான்.

நதேஷிகோவைச் சந்தித்த பிறகும் ரின் பல நேரம் தனியாகவே முகாமுக்குப் போகிறாள். அவள் தனிமையைக் குணப்படுத்த வேண்டிய நோயாக இத்தொடர் ஒருபோதும் பார்க்கவில்லை. ஐந்தாம் எபிசோடில் இருவரும் வெவ்வேறு மலைகளில் நின்று, தங்கள் முன் விரிந்த நகரத்தின் இரவு விளக்குகளைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். சேர்ந்திருப்பதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. கதை வளர்ச்சியே இல்லை என்று இதைக் குறைசொன்னவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை, இருபது நிமிடம் என்ற அளவுக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளடக்கம் கிடையாது என்பேன். ஒரே மூச்சில் பன்னிரண்டையும் பார்த்தால் திகட்டும். வாரக் கடைசியில் ஒன்று பார்த்தால் அதன் அருமை தெரியும். தொடரில் வந்த இடங்களைத் தேடி ரசிகர்கள் யமனாஷிக்குப் பயணம் போனதும், 2021-இல் இரண்டாம் பருவமும் 2022-இல் திரைப்படமும் வந்ததும் அந்த நிதானத்துக்குக் கிடைத்த பலன்.

‘வயலட் எவர்கார்டன்’ பற்றி நீளமாகவே பேச வேண்டும். அதற்கு அதைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷனும் ஒரு காரணம். 1981-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் டோக்கியோவின் பரபரப்பிலிருந்து விலகி, கியோட்டோ மாகாணத்தின் ஊஜியில் இயங்கியது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி தரும் துறையில், கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தித் தானே பயிற்சியும் தந்தது. சொந்தமாக நாவல் போட்டி நடத்தி, சொந்தப் பதிப்பில் வெளியிட்டு, அதையே தொடராக எடுத்தது. கானா அகட்சுகியின் இந்த நாவல் அந்தப் போட்டியில் முதன்முதலாகப் பெரும்பரிசு பெற்றது. 2017 ஜூலையிலேயே முதல் எபிசோடை அமெரிக்காவில் ரசிகர் விழாவில் திரையிட முடிந்தது என்றால், ஒளிபரப்புக்கு ஆறு மாதம் முன்பே அது தயாராக இருந்தது என்று பொருள். மற்ற ஸ்டுடியோக்கள் ஒளிபரப்பு நாள் வரை வரைந்துகொண்டிருந்த காலம் அது.

போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டு, இரு கைகளையும் இழந்த சிறுமி வயலட். உலோகக் கைகளால் தட்டச்சு செய்து, பிறருக்காகக் கடிதம் எழுதித் தரும் வேலையில் சேர்கிறாள். அன்பு என்பது அவளுக்குப் புரியாத சொல். இயக்குநர் டைச்சி இஷிதாட்டேவும் எழுத்தாளர் ரெய்கோ யோஷிதாவும் வாரம் ஒரு கடிதம், ஒரு வாடிக்கையாளர் என்று அமைத்தது நல்ல முடிவு. ஏழாம் எபிசோடில் மகளை இழந்த நாடகாசிரியருக்காக வயலட் குடையோடு ஏரிமேல் பாயும் காட்சியில் நீரும் இலையும் ஒளியும் வரையப்பட்டிருக்கும் விதம் தொலைக்காட்சி அனிமேயின் எல்லையைத் தொடுகிறது. பத்தாம் எபிசோடு அதனினும் மேல். நோயுற்ற தாய், சிறு மகள் ஆனின் அடுத்த ஐம்பது பிறந்தநாள்களுக்கும் கடிதங்கள் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். தாயோடு இருக்க வேண்டிய நாள்களைக் கடிதம் விழுங்குகிறதே என்று அழும் ஆனுக்கு உண்மை தெரியாது; வயலட்டுக்குத் தெரியும், சொல்ல முடியாது.

ஆனால் முழுத் தொடராகப் பார்த்தால் பழுதுகள் உண்டு. எட்டு, ஒன்பதாம் எபிசோடுகளில் வரும் போர்க்கால முன்கதை வயலட்டின் மௌனத்துக்குத் தேவையில்லாத விளக்கம் தருகிறது. கடைசி இரண்டு எபிசோடுகளின் ரயில் சண்டை வேறேதோ தொடரிலிருந்து வந்ததுபோல இருக்கிறது. பதின்மூன்று வாரத்தை நிறைக்கப் பெரிய ஆபத்து ஒன்று வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பணிந்துவிட்டார்கள். அழகில் முதலிடம் இதற்குத்தான். அமைப்பில் அண்டார்டிகா போன நால்வருக்கு அடுத்த இடம்.

2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷனின் முதல் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீவைத்தான். 36 பேர் இறந்தார்கள். ஜப்பானில் இளம் கலைஞர்களைப் பொறுமையோடு வளர்த்த ஓர் இடத்தில் அது நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வயலட்டின் கிளைக்கதைத் திரைப்படத்தில் பணியாற்றிய எல்லோர் பெயரையும் நிறுவனம் திரையில் இட்டது. இறந்தவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. இன்று அந்தத் தொடரைப் பார்க்கும் எவரும் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

இந்தத் தொடரை உலகுக்கு விநியோகித்த நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் மட்டும் ஏப்ரல் வரை நிறுத்தி வைத்தது. மற்ற நாட்டவர் வாரந்தோறும் பேசி முடித்த பிறகே அங்குள்ளவர்களுக்குக் கிடைத்தது. அதே நிறுவனம் ஜனவரி 5 அன்று ‘டெவில்மேன் கிரைபேபி’யின் பத்து எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. கோ நாகாயின் 1972-ஆம் ஆண்டு மங்காவை மசாகி யுவாசா தன் சயன்ஸ் சாரு ஸ்டுடியோவில் எடுத்தார். தொலைக்காட்சித் தணிக்கை இல்லாததால் மூலத்தின் கொடூரத்தை மட்டுப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இறுதிப் பேரழிவுவரை போக முடிந்தது. அச்சம் கைபேசி வழியே பரவி, அண்டை வீட்டாரே கொலைகாரர்களாகும் கதைக்கு மூச்சுவிடாத வேகம் பொருந்துகிறது. இங்கே வாரக் காத்திருப்பு இல்லாதது குறையாகத் தெரியவில்லை.

‘பாப் டீம் எபிக்’ பற்றி ஒன்று மட்டும். வழக்கமான தயாரிப்புக் குழு இல்லாமல் கிங் ரெக்கார்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம் செலவு செய்தது. அதனால்தான் ஒரே எபிசோடை வேறு குரல் நடிகர்களைக் கொண்டு அடுத்தடுத்து இருமுறை ஒளிபரப்பும் துணிச்சல் சாத்தியமானது. பலர் கூடி முடிவெடுக்கும் அறையில் அந்த யோசனை பிழைத்திருக்காது.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். ஜனவரியில் மிகுந்த ஆரவாரத்தோடு வந்தது ‘டார்லிங் இன் தி ஃபிராங்க்ஸ்’. ட்ரிகர், ஏ-1 பிக்சர்ஸ் இரண்டும் சேர்ந்து எடுத்த சொந்தக் கதை. இரண்டு கூர், 24 எபிசோடுகள். மூன்றாம் வாரக் கணக்கில் பருவத்தின் நாயகன் இதுதான். பதின்மூன்றாம் எபிசோடு வரை அந்த நம்பிக்கைக்கு நியாயமும் இருந்தது. பிறகு வானத்திலிருந்து புதிய பகைவர் இறங்க, அதுவரை எழுப்பிய கேள்விகளெல்லாம் விண்வெளிப் போரில் கரைந்துபோயின. கூடுதலாகக் கிடைத்த வாரங்கள் கதையைக் காக்கவில்லை. ‘பீட்லெஸ்’ தொடர் இடையிடையே முன்கதைச் சுருக்க எபிசோடுகளைப் போட்டுக் காலம் தள்ளி, கடைசி நான்கு எபிசோடுகளைச் செப்டம்பரில்தான் காட்ட முடிந்தது. ‘மேர்ஷன் மேட்ஷன்’ தொடரின் இறுதி எபிசோடுகள் அந்தப் பருவத்தில் வரவே இல்லை. இவற்றைக் கலைத் தோல்வி என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். போதுமான ஆளும் அவகாசமும் இல்லாமல் ஐம்பது தொடர்களை ஒரே நேரத்தில் எடுக்கும் துறையில், ஒவ்வொரு பருவமும் சில தொடர்களின் தலையில் இது விடியும். திரையில் முகம் கோணியிருப்பதைப் படம்பிடித்து நகையாடும் மதிப்புரையாளர், அதை வரைந்தவர் எத்தனை இரவு தூங்காமல் வரைந்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

அதன்பின் நிலைமை மாறிவருகிறது. 2023 செப்டம்பர் 29 அன்று ‘ஃப்ரீரன்’ தொடரின் முதல் நான்கு எபிசோடுகளை நிப்பான் தொலைக்காட்சி தன் வெள்ளிக்கிழமைத் திரைப்பட நேரத்தில் ஒரே இரவில் ஒளிபரப்பியது. மெல்ல நகரும் கதைக்கு மூன்றாம் வாரத் தீர்ப்பால் கேடு வராமல் இருக்க, அதை முதல் இரவிலேயே கடந்துவிடும் உத்தி. இடைவெளியின்றி 28 எபிசோடுகள் ஓடிய அதைத் தயாரித்ததும் மேட்ஹவுஸ்தான். தொடக்கம் மட்டுமே ஒரு தொடரைத் தீர்மானிப்பதில்லை என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். விமர்சகர்கள்தான் இன்னும் மூன்றாம் வார வழக்கத்துக்கு அடிமையாக இருக்கிறார்கள்.

அனிமே பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பருவம் முடியும்வரை பொறுத்திருங்கள். ஸ்டுடியோ எது, பணம் யாருடையது, எழுதியவர் யார், கடைசி எபிசோடு சொன்ன நாளில் வந்ததா என்று கேளுங்கள், பிறகு எழுதுங்கள். வாசகருக்கு: 2018 ஜனவரியில் வந்தவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் அண்டார்டிகா தொடரைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் முடித்துவிடாமல் வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். ஐந்தாம் எபிசோடுக்கு முன் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.